செவுளைத் தூக்கிப் பார்த்தாள் அம்மா!

மஞ்சக்குப்பத்தில் நான் வழக்கமாக முடிவெட்டிக் கொள்ளும் சலூனை ஒரு தடவை மாற்றிவிட்டேன். பெரிய காரணமெல்லாம் இல்லை. புதுக் கடையில் ஏ.ஸி.! அதற்கப்புறம் ஆறு மாசம், பழைய சலூன் இருக்கும் தெருப் பக்கமே நான் தலைவைத்துப் படுக்கவில்லை. சுற்றுவழியில் போய் பெட்ரோலைக் கரைத்தேன். கடைசியில் ஒருநாள் டீக்கடையில் பழைய கடைக்காரரிடம் வசமாக மாட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைத்தான் பார்த்தார். ''கிருதா ஒரு பக்கம் ஏறியிருக்கு தம்பி'' என்று மட்டும் சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை!

சலூனை மாற்றுவதற்கே இந்தப் பாடு என்றால், ஸார்... ஒரு கேன்சர் டாக்டரை மாற்றுவதற்கு எத்தனை தைரியம் வேண்டும்?

எனக்கு அந்தத் தைரியம் இருக்கவில்லை. அம்மாவுக்கு இருந்தது.

எங்கள் ஊர் தேவனாம்பட்டினம். கடலூர்க்காரர்களுக்கு சில்வர் பீச். சரித்திரம் படித்தவர்களுக்கு, வெள்ளைக்காரக் கம்பெனி 1690-ல் விலைக்கு வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டை. மற்றவர்களுக்கு, 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ம் தேதி டி.வி.யில் காட்டிய ஊர். எனக்கு, அம்மா விடிகாலையில் சும்மாடு சுற்றிக்கொண்டு கிளம்பும் ஊர். முதுநகர் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் சுமந்து, திருப்பாதிரிப்புலியூர் தெருக்களில் கூவி விற்று, ஊர் எல்லையிலேயே இருக்கும் பெரியார் கலைக் கல்லூரியில் என்னை பி.காம். படிக்க வைத்தவள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மார்பில் ஒரு கட்டி என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். ''கூடை இறக்கறப்ப இடிச்சிருக்கும். வலிக்கவே இல்லடி'' என்றாளாம். வலிக்காததுதான் வம்பே என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

'அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் ஸார்!'

ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பேர் வேண்டாம். டாக்டர் கெட்டிக்காரர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது. ஊசி வைத்து எடுத்த சதையை சோதனைக்கு அனுப்பினார். ரிசல்ட் வந்த அன்றைக்கு வெளியே ஐம்பது பேர் காத்திருந்தார்கள். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்.

''மாலிக்னன்ட். ஆபரேஷன் பண்ணணும். அப்புறம் கீமோ. செவ்வாய்க்கிழமை அட்மிட் பண்ணிடுங்க. கவுன்ட்டர்ல எஸ்டிமேட் குடுப்பாங்க.''

மொத்தம் ஒரு நிமிஷம் இருக்கும். நான் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான். ''அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் ஸார்.'' அவர் தலையாட்டினார். அன்றைக்கு ஆரம்பித்தது நாடகம். அக்கா, மாமா, நான், நர்ஸ் எல்லாருக்கும் ஒரே வசனம்: 'நீர்க்கட்டி'. கேன்சர் என்ற வார்த்தை வீட்டுக்குள் வரக்கூடாது என்று, டி.வி.யில் புகையிலை விளம்பரம் வந்தால்கூட சானல் மாற்றினோம்!

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மூன்று வாரம் கழித்து முதல் கீமோ. பாட்டிலில் ரத்தச் சிவப்பில் ஒரு மருந்து. சாயந்திரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று ராத்திரி எட்டு மணிக்குப் பாத்ரூமிலிருந்து அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ''டேய்! ரத்தம் போவுதுடா!''

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். சிறுநீர் சிவப்பாகப் போயிருந்தது. ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். ''டாக்டர் தியேட்டர்ல இருக்கார்.'' ஒன்பது மணிக்குப் போட்டேன். ''டாக்டர் கிளம்பிட்டார்.'' பத்து மணிக்குப் போட்டேன். ''காலைல வாங்க ஸார், டோக்கன் ஏழு மணிக்கு.'' ராத்திரி பூரா நாலு பேரும் பாயில் உட்கார்ந்திருந்தோம். அம்மா, மீன்காரியாக முப்பது வருஷம் யார் யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். போகிறபோது கணக்கை ஒப்படைக்கிறாளாம்!

காலையில் டாக்டர் ஃபைலைப் பார்த்தபடியே சொன்னார்: ''அது மருந்தோட கலர். எல்லாருக்கும் வர்றதுதான். நெக்ஸ்ட்!''

அவ்வளவுதான். அந்தச் சிவப்பு மருந்துக்கு டாக்ஸோரூபிஸின் என்று பேர். ஏற்றிய பிறகு ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போவது சகஜம். ஆபத்து இல்லை. இதை முதல் நாள் சொல்ல அஞ்சு விநாடி போதும். அந்த அஞ்சு விநாடி மிச்சப்பட்டதால், ஒரு குடும்பம் ஒரு ராத்திரி முழுக்கச் செத்துப் பிழைத்தது.

'நானும் நடிச்சேன்டா!'

இரண்டாவது கீமோவுக்கு நாள் நெருங்கியது. கொத்துக் கொத்தாக முடி கொட்டியிருந்தது. அம்மா, ''நான் வரல'' என்றாள்.

கெஞ்சினோம். மாமா அதட்டினார். அம்மா அசையவில்லை. அப்புறம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினாள்.

''மீன் வாங்க வர்றவங்க செவுளைத் தூக்கிப் பாக்காம வாங்குவாங்களாடா? நான் ஒருநாள்னா ஒருநாள் 'ஏன் பாக்குறே'ன்னு கேட்டிருக்கேனா? அப்படிக் கேட்டா என் மீன் நாறுதுன்னு அர்த்தம். அந்த டாக்டரு இத்தினி நாள்ல என்னை ஒரு கேள்வி கேக்க வுட்டாரா? என் ஒடம்பு, ஆனா பேச்செல்லாம் உன்கிட்ட!''

நான் சும்மா இருந்தேன்.

''எனக்கு வந்தது கேன்சருதான? ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறினதும் போர்டுலயே எழுதியிருக்கு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதா எனக்கு? முத நாளே தெரியும். நீங்க எல்லாரும் நடிச்சீங்க. புள்ளைங்க கஷ்டப்படுமேன்னு நானும் நடிச்சேன்டா!''

டாக்டர் பேசவில்லை என்று நான் பொருமிக்கொண்டிருந்தேனே, அவர் வாயைக் கட்டியதில் பாதி பங்கு எனக்கும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. அமெரிக்காவில் 1961-ல் டாக்டர்களிடம் ஒரு சர்வே எடுத்தார்கள். கேன்சர் என்று நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதே மேல் என்றவர்கள் 90 சதவீதம்! அதே மாதிரி சர்வே 1979-ல் எடுத்தபோது, சொல்லிவிடுவோம் என்றவர்கள் 97 சதவீதம். பதினெட்டே வருஷத்தில் தலைகீழ். நடுவில் மருந்துகள் முன்னேறின. 'சொன்னால் செத்துவிடுவார்' போய், 'சொன்னால்தான் ஒழுங்காக மருந்து சாப்பிடுவார்' என்று ஆயிற்று. நாம் மட்டும் இன்னும் 1961-லேயே டேரா போட்டிருக்கிறோம்.

சட்டமும் அம்மா பக்கம்தான். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சமீரா கோலி வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. வயிற்றுக்குள் என்ன கோளாறு என்று பார்ப்பதற்காக மயக்கம் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, வெளியே இருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அது செல்லாது என்றது கோர்ட். உடனே உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, விவரம் தெரிந்த நோயாளியின் சம்மதத்தை வேறு யாரும் கொடுத்துவிட முடியாது. பெற்ற தாயே கொடுக்க முடியாது என்றால், பி.காம். படித்த பிள்ளை எம்மாத்திரம்!

நடுக்கடலில் படகு மாற்றலாமா?

''சரிம்மா, வேற டாக்டர்கிட்ட போவோம். அங்க வர்றியா?'' என்றேன். வாய் தவறித்தான் சொன்னேன். அம்மா உடனே, ''வர்றேன்'' என்றாள்.

மாமா குதித்தார். ''நடுக்கடல்ல எவனாவது போட்டு மாத்துவானா? அந்த டாக்டரு கோச்சிக்கிட்டா?''

''ஏன்? நடுக்கடல்ல இன்ஜின் நின்னப்ப பக்கத்து போட்டுல ஏறித்தான வந்து சேந்தே? அங்கியே குந்திக்கினா இருந்தே?'' என்றாள் அம்மா. மாமா வாயை மூடிக்கொண்டார்.

எனக்கோ சலூன் ஞாபகம். கூசிற்று. அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது, படித்த படிப்பு முதல் தடவையாக உதவிக்கு வந்தது. ஒரு கம்பெனி ஆடிட்டரை மாற்றுகிறது. யாராவது அழுகிறார்களா? புது ஆடிட்டர் பொறுப்பேற்கும் முன்னால் பழையவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 1949-ம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. அதற்கும் மேலே போய், 2013 கம்பெனிச் சட்டம் என்ன சொல்கிறது? பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி, ஒரே ஆடிட் நிறுவனத்தைத் தொடர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவே கூடாது! போன காசைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும் என்று சட்டம் போட்டவர்கள் நாம். போகிற உயிருக்கு மட்டும் கூச்சமா?

கூச்சப்படாத ஒரு பெண்மணியின் கதையை அப்புறம் படித்தேன். ரோஸ் குஷ்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். 1974-ல் மார்பில் கட்டி. அந்தக் காலத்தில் அங்கே ஒரு வழக்கம். மயக்கம் கொடுத்து, கட்டியைச் சோதித்து, கேன்சர் என்றால் அதே மயக்கத்திலேயே மார்பை எடுத்துவிடுவார்கள். விழித்துப் பார்த்தால்தான் இருக்கிறதா இல்லையா என்று தெரியும்! 'முதலில் சோதனை மட்டும். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு நான் முடிவு சொல்கிறேன்' என்றார் குஷ்னர். சர்ஜன்கள் முடியாது என்றார்கள். ஒருவர், இருவர் இல்லை, பத்துப் பேருக்கு மேல்! தேடித் தேடிப் போன் போட்டுக் கடைசியில் சம்மதித்த ஒருவரைப் பிடித்தார். கேன்சர்தான். ஆனால் என்ன செய்வது என்று விழித்திருந்து முடிவெடுத்தார். அப்புறம் புத்தகம் எழுதி, கூட்டம் போட்டு, சண்டை பிடித்து... 1979-ல் அமெரிக்க அரசின் மருத்துவக் குழுவே அந்த ஒரே மயக்க வழக்கத்தைக் கைவிடலாம் என்று சொல்லும்படி ஆயிற்று. அந்தக் குழுவில் அவரும் ஒரு உறுப்பினர்!

டிபன் பாக்ஸில் அம்மா

ஃபைல் வாங்கப் போனேன். ரிசப்ஷன் பெண், நான் ஏதோ சொத்தைப் பிரித்துக் கேட்டதுபோல் பார்த்தாள். ''டாக்டரைக் கேட்டுட்டு வாங்க.'' உள்ளே போனேன். கால் நடுங்கிற்று. சொன்னேன்.

டாக்டர் முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ''தாராளமா. எல்லா ரிப்போர்ட்டும் வாங்கிக்கோங்க. பிளாக்கும் கேட்டு வாங்கிக்கோங்க. ஆனா கீமோ தேதியைத் தள்ளிப் போட்டுடாதீங்க.''

கோபமில்லை, குத்தல் இல்லை. வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன். ஆபரேஷனுக்கு முன்னாலும் பின்னாலும் எத்தனை தடவை இவர் முன்னால் நின்றிருக்கிறேன்... 'ஸார், ரெண்டு நிமிஷம் பேசணும்' என்று ஒரு தடவையாவது கேட்டேனா? இல்லை. அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை மாற வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஆகவே, இதைப் படிக்கிறவர்கள் முதலில் கேட்டுப் பாருங்கள். அதுவும் நடக்காவிட்டால் மாறுங்கள்.

ஃபைலைக் கேட்பது பிச்சையில்லை. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ம் வருஷத்து விதிகளில் இருக்கிறது: நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால், 72 மணி நேரத்துக்குள் ரிக்கார்டுகளைக் கொடுக்க வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளி உரிமைப் பட்டியலில், இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்பதும் ஓர் உரிமை.

'பிளாக்' என்றால் என்ன? கட்டியிலிருந்து எடுத்த சதையைக் கெடாமல் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். தாயக்கட்டை சைஸில் இருக்கும். புது ஆஸ்பத்திரியில் வேண்டுமானால் அதிலிருந்தே மறுபடி சோதிப்பார்கள். திரும்ப ஊசி குத்த வேண்டியதில்லை. வெயிலில் மெழுகு உருகிவிடுமோ என்று பயந்து, நான் அதை டிபன் பாக்ஸில் வைத்து, புதுச்சேரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டுக்காரர், ''புளியோதரையா ஸார்?'' என்றார். என்ன சொல்வது? ''வீட்டுச் சமாச்சாரம்'' என்றேன்.

நாலு நிமிஷம்

புது டாக்டர் ஒரு பெண்மணி. அங்கேயும் கூட்டம்தான், குறைச்சலில்லை. உள்ளே போனதும் நான் ஃபைலைப் பிரித்து, ''டாக்டர், பேஷன்ட்டுக்கு...'' என்று ஆரம்பித்தேன். கையமர்த்தினார். தன் நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

''நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்கு என்ன வியாதின்னு நெனச்சிக்கிட்டிருக்கீங்க?''

அம்மா பேசினாள். கூடை இடித்ததில் ஆரம்பித்து, சிவப்பு மூத்திரம், ராத்திரி முழுக்கக் கணக்குச் சொன்னது, சீப்பில் வந்த முடி எல்லாம். டாக்டர் குறுக்கே பேசவேயில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிஷம்!

நாலு நிமிஷம் என்ன பெரிசு என்று கேட்காதீர்கள். அமெரிக்காவில் 1984-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி. டாக்டரும் நோயாளியும் பேசுவதை டேப்பில் பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18-வது விநாடியில் டாக்டர் குறுக்கே புகுந்துவிடுகிறார்! ஆக, இதுவும் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை.

புது டாக்டர் கேட்ட அந்த முதல் கேள்விகூட ஒரு பாடம் என்று பின்னால் தெரிந்தது. 'சொல்வதற்கு முன் கேள்' என்பது அதன் சாரம். உலகம் முழுக்க கேன்சர் டாக்டர்களுக்குச் சொல்லித் தரும் ஆறு படி முறை, 2000-ம் வருஷம் வெளியானது. அதை உண்டாக்கியவர்களில் ஒருவர் ராபர்ட் பக்மன். இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் வேலை பார்த்த கேன்சர் டாக்டர். இன்னொரு தொழில் என்ன தெரியுமா? டி.வி.யில் காமெடி! சிரிக்க வைக்கத் தெரிந்தவருக்குத்தான் கெட்ட சேதி சொல்லவும் தெரிந்திருக்கிறது. எப்போது பேச வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

அம்மா முடித்ததும் டாக்டர் சொன்னார்: ''உங்களுக்கு மார்புல கேன்சர் வந்திருக்கு. பழைய டாக்டர் நல்லா ஆபரேஷன் பண்ணியிருக்கார். அவர் ஆரம்பிச்ச மருந்தும் சரியானதுதான். நானும் அதைத்தான் குடுக்கப் போறேன்.''

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே மருந்தா? அப்புறம் எதுக்கு இத்தனை தூரம்?

அம்மாவுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. அவள் கேள்விகளுக்கு வரிசை போட்டு வைத்திருந்தாள்.

''பொழைச்சிக்குவேனா டாக்டரம்மா?''

''உத்தரவாதம் யாராலயும் தர முடியாதும்மா. ஆனா கட்டி ரொம்பப் பரவறதுக்கு முன்னாடி வந்துட்டீங்க. மருந்தை முழுசா முடிச்சா வாய்ப்பு நல்லாருக்கு. பாதியில விட்டா அந்த வாய்ப்பை நாமளே குறைச்சிக்கிறோம்.''

''முடி?''

''திரும்ப முளைக்கும்.''

''கூடை தூக்கலாமா?''

''அந்தக் கையால திடீர்னு பாரம் தூக்கக் கூடாது. அக்குள்ல நெறிக்கட்டி எடுத்திருக்காங்க, கை வீங்கிடும். பயிற்சி சொல்லித் தர்றேன். மெதுவா பாத்துக்கலாம்.''

அம்மா வெளியே வந்து என்னிடம் சொன்னது: ''செவுளு செவப்பா இருக்குடா. வாங்கலாம்.''

சிவப்பு மருந்தைப் பற்றியும் அங்கேதான் ஒரு விஷயம் தெரிந்தது. அது இதயத்தைப் பாதிக்கக்கூடியது. ஆயுள் முழுக்க இவ்வளவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று கணக்கு உண்டு. முதல் ஆஸ்பத்திரியில் எவ்வளவு ஏற்றினார்கள் என்ற சீட்டு இருந்ததால்தான் புது டாக்டரால் மீதியைக் கணக்குப் போட முடிந்தது. ஓபனிங் பாலன்ஸ் இல்லாமல் எந்தக் கணக்கு டேலி ஆகும்?

அதே மருந்து, வேறே ராத்திரி

அங்கே மருந்து ஏற்றியதும் ஒரு தாள் கொடுத்தார்கள். தமிழில். 'சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்' முதல் வரி! இரண்டாவது வரிக்குக் கீழே பேனாவால் கோடு: 'காய்ச்சல் 100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால், ராத்திரி எந்நேரமானாலும் உடனே வரவும்.' கீழே வார்டு போன் நம்பர்.

மூன்றாவது கீமோ முடிந்து பத்தாம் நாள். ராத்திரி பதினோரு மணி. அம்மாவே தெர்மாமீட்டரை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். 101. ''கெளம்புடா, தாள்ல போட்டிருக்கு'' என்றாள். போன் போட்டேன். எடுத்தார்கள்! ஆட்டோ பிடித்து ஓடினோம். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அதலபாதாளத்தில் இருந்தன. கீமோ ஏற்றிய ஒன்றிரண்டு வாரத்தில் இப்படி இறங்கும். அந்தச் சமயம் ஒரு சின்னக் கிருமி போதும், ஆளையே கொண்டுபோய்விடும். ராத்திரியே ஊசி போட்டார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள்.

பழைய கதையாக இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? 'எல்லாருக்கும் வர்றதுதான்' என்று ஒரு காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காலை ஏழு மணி டோக்கனுக்காகக் காத்திருப்போம். காலையில் டோக்கன் கிடைத்திருக்கும். அம்மா?

அதே மருந்துக்கு எதுக்கு அத்தனை தூரம் என்ற கேள்விக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது. பேச்சும் ஒரு மருந்து. அதற்கும் டோஸ் உண்டு.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் கேன்சரில் இறந்தார். அந்தத் துக்கத்தை அவர் மறக்கவில்லை. முப்பது வருஷம் விடாமல் முயன்று, 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டை ஆரம்பித்தார். அவர் பிள்ளை டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். அடுத்த வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரி 19-ல் தன் 93-வது வயதில் மறையும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. ஒரு வீட்டுத் துக்கத்திலிருந்து முளைத்த ஆஸ்பத்திரி அது. எங்கள் கடலூர், சிதம்பரம் பக்கத்து ஜனங்களுக்கு அடையாறு தவிர, கிட்டத்திலேயே புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பேரில் அரசு கேன்சர் ஆஸ்பத்திரி இருக்கிறது. வழி இல்லை என்று யாரும் உட்கார்ந்துவிட வேண்டியதில்லை.

மாற்றுவதற்கு முன் கவனிக்க...

1. முதலில் இருக்கிற டாக்டரிடமே கேளுங்கள். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மூன்று கேள்வி போதும். பத்து எழுதினால் பயந்துவிடுவார்!

2. நோயாளியைக் கேளுங்கள். 'உனக்கு எல்லாம் தெரிஞ்சுக்கணுமா, நாங்க பாத்துக்கட்டுமா?' என்று. வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

3. புது டாக்டரிடம் தேதி வாங்கிய பிறகே பழைய இடத்தை விடுங்கள். நடுவில் மருந்து நிற்கக்கூடாது. கேன்சருக்கு நம் குடும்பச் சண்டை தெரியாது, அது பாட்டுக்கு வளரும்.

4. பயாப்ஸி ரிப்போர்ட், பிளாக், ஸ்கேன், ஆபரேஷன் குறிப்பு, எந்த மருந்து எவ்வளவு ஏற்றினார்கள் என்ற சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி... எல்லாவற்றையும் வாங்குங்கள். ஒரு ஜெராக்ஸ் செட் வீட்டில் இருக்கட்டும்.

5. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் பார்ப்பதாக இருந்தால், புது ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறதா, இந்த வருஷத்துத் தொகையில் மீதி எவ்வளவு என்று காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டுவிட்டு நகருங்கள்.

6. டாக்டரை மாற்றுவது வேறு, வைத்தியத்தை விட்டு ஓடுவது வேறு. 'கத்தி இல்லை, ஊசி இல்லை, நாற்பத்தெட்டு நாளில் கேரண்டி' என்று யாராவது சொன்னால், அவர் மிக இனிமையாகத்தான் பேசுவார். அங்கேதான் செவுளை ரெண்டு தடவை தூக்கிப் பார்க்க வேண்டும்!

அம்மா இப்போது தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள். அஞ்சு வருஷக் கணக்கு, இன்னும் பாக்கி இருக்கிறது. கூடை தூக்குவதில்லை. பீச்சுக்குப் போகிற ரோட்டோரம் ஒரு குடை, ஒரு முக்காலி, ஒரு ஐஸ் பெட்டி. வியாபாரம் உட்கார்ந்த இடத்திலேயே நடக்கிறது.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குடைக்குப் பக்கத்தில் ஒரு கார் நின்றது. இறங்கியவர்... பழைய டாக்டர்! நான் சட்டென்று ஐஸ் பெட்டிக்குப் பின்னால் குனிந்தேன். (சலூன் புத்தி!) அம்மா குனியவில்லை. ஒரு வஞ்சிரத்தை எடுத்து, அவளே செவுளைத் தூக்கிக் காட்டினாள்.

''நல்லா பாத்து வாங்குங்க டாக்டரு. என்னா வேணுமோ கேளுங்க, சொல்றேன்!''

அவருக்கு அம்மாவை அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. தெரிந்ததும் மீனை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். ''கை வீங்குதாம்மா? மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?'' என்றார். நிமிர்ந்து, முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். அம்மா விவரமாகப் பதில் சொன்னாள். நிதானமாகக் கேட்டுக்கொண்டு நின்றார். கார் போன பிறகு நான் எழுந்தேன்.

''காசு வாங்கினியாம்மா?''

''பின்னே? அவரு என்னை சும்மாவா பாத்தாரு!''